பாலைவன வெயிலில் காரேஜும் நீச்சல் குளமும்: திட்டம் போட்டுத் தந்த சேவை பற்றி, இரண்டு கோடை கழித்து

ஐந்துக்கு மூன்றரை. கட்டி முடித்த கையோடு எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்தும் கொடுத்திருப்பேன், அப்போது எல்லாம் பளபளவென்று இருந்தது, இரண்டு கோடை போன பிறகுதான் சாயம் தெரிந்தது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. எங்கே கெட்டிக்காரர்கள், எங்கே கோட்டைவிட்டார்கள் என்பதுதான் இதே மாதிரி வெயிலில் கட்டப்போகிற ஒருவருக்கு உதவும்.

அவர்கள் தருவது இதுதான். மனையை வந்து அளந்து, காரேஜுக்கும் குளத்துக்கும் சேர்த்து ஒரே வரைபடம், கரண்ட் எவ்வளவு போகும் என்ற கணக்கு, என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்ற பட்டியல், கட்டும்போது மூன்று முறை நேரில் வந்து பார்ப்பது. கட்டியது அவர்கள் கைகாட்டிய கான்ட்ராக்டர்.

முதலில் நல்லது. காரேஜை வீட்டின் மேற்குப் பக்கம் வைத்தார்கள், கதவு வடக்கே பார்க்கும்படி. (நான் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, தெற்கே இருப்பவர்கள் வடக்கு தெற்கை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) நான் ஆசைப்பட்டது மேற்குப் பார்த்த கதவு, ஏனென்றால் தெரு அந்தப் பக்கம். அவர்களுடைய பெண் பொறியாளர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். பிற்பகல் வெயில் சாய்வாக வந்து கதவில் நேராக அடிக்கும், மெல்லிய தகடுதானே, உள்ளே அடுப்புதான் என்றார். அதனால் கார் ஒரு வளைவு சுற்றி உள்ளே போகிறது. முதல் மாதம் எரிச்சலாக இருந்தது, இப்போது அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லாத நாளில்லை. மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவரை வெளியிலிருந்து தொட்டால் கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஆனால் அந்தச் சூடு காரேஜோடு நின்றுவிடுகிறது. அதை ஒட்டிய படுக்கையறைக்கு வருவதில்லை. காரேஜை ஒரு கேடயமாக நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

குளத்தைக் காரேஜுக்குப் பின்பகுதியில், அதன் கிழக்குச் சுவரை ஒட்டி வைத்தார்கள். பிற்பகலில் காரேஜின் நிழல் குளத்தில் விழும் என்பது யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் கணினியில் போட்டுக் காட்டிய படத்தில் குளம் முழுக்க நிழலாக இருந்தது, அது எந்த மணிக்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது மூன்றரை மீட்டர் சுவரின் நிழலும் மூன்றரை மீட்டர்தான். 30 பாகைக்கு இறங்கினால்தான் ஆறு மீட்டர். நடைபாதை போக, நாலு மீட்டர் அகலக் குளம் முழுக்க மூடுவதற்குள் கோடையில் மாலை ஆகிவிடுகிறது. உச்சிவெயில் மொத்தமும் தண்ணீர் மேல்தான். அதற்கு நிழல்துணி கட்ட வேண்டும் என்பதைக் கடைசி முறை வந்தபோது போகிற போக்கில் சொன்னார்கள். தூணுக்கு அடித்தளம் போட்டிருக்க வேண்டிய நேரம் அப்போது தாண்டிவிட்டது, தரையோடு டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது.

அடுத்தது பம்ப். இங்கே அவர்கள் பட்டியல் சரி, வேலை தப்பு. வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் எழுதியிருந்தார்கள், வாங்கினோம். இந்த வகையின் சூட்சுமம் என்னவென்றால், வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தண்ணீர் பாதிதான் ஓடும், ஆனால் கரண்ட் எட்டில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஆக, அதே அளவு தண்ணீரைச் சுற்றவிட இரண்டு மடங்கு நேரம் ஓடினாலும் மொத்தச் செலவு கால்வாசிதான். கான்ட்ராக்டரின் ஆள் என்ன செய்தார் என்றால், பெட்டியிலிருந்து எடுத்து, மாட்டி, நிமிடத்துக்கு 3450 சுற்று வேகத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். விலை கொடுத்து வாங்கிய பம்ப் நாலு மாதம் பழைய வகைப் பம்ப் மாதிரியே ஓடியது. ஒரு நாள் மதியம் அதன் இரைச்சல் தாங்காமல் பக்கத்தில் போய்ப் பார்த்தால் திரையில் 1600 வாட். 1725 சுற்றுக்குக் குறைத்தேன், 230 வாட்டுக்கு இறங்கியது. கணக்குப்படி 200, மோட்டாரின் மின்னணுப் பெட்டி கொஞ்சம் தின்கிறது, பரவாயில்லை. ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துப் பார்க்கிற அளவுக்குச் சத்தமும் போய்விட்டது.

ஒரேயடியாக வேகத்தைக் குறைத்துவிடவும் கூடாது. என் குளத்தில் உப்பிலிருந்து குளோரின் எடுக்கிற கருவி இருக்கிறது, அதில் தண்ணீர் போதுமான வேகத்தில் ஓடவில்லையென்றால் ஒரு சுவிட்ச் கருவியையே நிறுத்திவிடும். நான் 1200 சுற்றுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. மேலே மிதக்கிற தூசியை இழுக்கவும் தினமும் ஒரு மணி நேரம் வேகம் கூட வேண்டும், மணற்காற்று அடித்த மறுநாள் இரண்டு மணி நேரம். குழாயை இரண்டு அங்குலத்தில் போட்டதும், வளைவுகளைக் குறைத்ததும், பம்பைக் காரேஜின் வடக்குச் சுவர் நிழலில் வைத்ததும் வரைபடத்தில் இருந்தபடியே நடந்தன. அதற்கு முழு மதிப்பெண்.

இப்போது என் பெரிய குறைக்கு வருகிறேன். குளத்தை மூடுகிற ஷீட்.

வறண்ட காற்றில் குளத்துத் தண்ணீர் எப்படிக் காணாமல் போகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்தின் படியில் வைத்து, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவியாகிறது, வெளியே மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. எனக்கு இரண்டும் 10 மில்லிமீட்டர் இறங்கியிருந்தன. என் குளம் எட்டுக்கு நாலு மீட்டர், அப்படியென்றால் ஒரே நாளில் 320 லிட்டர். தண்ணீர் மட்டும்தான் போகிறது, அதிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் குளத்திலேயே தங்கும். மீண்டும் நிரப்பும்போது புதிதாகக் கொஞ்சம் வரும். ஆறு மாதத்தில் தண்ணீர் மட்டத்தை ஒட்டிய டைல்ஸில் வெள்ளையாக ஒரு பட்டை, நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். அதைத் தேய்த்து எடுத்த முதுகுவலியை எந்த அட்டவணையிலும் எழுதவில்லை.

ஷீட் போட்டிருக்கும் நேரத்தில் இந்த ஆவியை ஏறக்குறைய முழுக்கத் தடுக்கலாம். அவர்கள் கணக்கிலும் அது இருந்தது, ஆண்டுக்கு இவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று அழகாகப் போட்டிருந்தார்கள். ஆனால் ஷீட்டைச் சுற்றி வைக்கிற உருளைக்கு வரைபடத்தில் இடமே இல்லை! குளத்தின் ஒரு முனையில் படிகள், மறுமுனையில் பூச்செடித் தொட்டி, அதற்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. உருளையில்லாமல் 32 சதுர மீட்டர் ஷீட்டை ஈரத்தோடு ஒருவர் மடித்துப் பாருங்கள். நாங்கள் இரண்டு பேர் பத்து நாள் முயன்றோம், பதினோராம் நாள் அது காரேஜின் மூலையில் போய்ப் படுத்தது. முதல் கோடை முழுக்க அங்கேயே கிடந்தது. கரண்ட் கணக்கு, தண்ணீர்க் கணக்கு எல்லாம் போட்டவர்கள், தினமும் அதை இழுக்கப்போகிற ஒரு ஜோடிக் கையைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் கோடைக்கு முன் செடித்தொட்டியை இடித்துவிட்டு உருளையைப் பொருத்தினேன். இப்போது ஒருவர் இரண்டு நிமிடத்தில் மூடிவிடலாம்.

அதிலும் ஒரு கூத்து. பட்டியலில் எழுதியிருந்தது நீல நிறத்தில், வெளிச்சம் ஊடுருவுகிற குமிழி ஷீட். அது குளிர்ப் பிரதேசத்தில் தண்ணீரைச் சூடாக்குவதற்கு. வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே விடாது. பாலைவனத்தில் அதைப் போட்டு மூடினால் குளம் வெந்நீர்த் தொட்டிதான், ஒரு வாரத்திலேயே இறங்க மனம் வரவில்லை. வெளிச்சம் புகாத, மேலே வெள்ளி நிறமுள்ள ஷீட்டை நானே தேடி வாங்கினேன்.

ஷீட் எப்போதும் மூடியிருப்பதும் சரியல்ல என்று அனுபவத்தில்தான் கற்றேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.68 யூனிட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 320 லிட்டர் போனால் 200 யூனிட்டுக்கு மேல். கரண்டே இல்லாமல் குளம் தன்னைத்தானே ஆற்றிக்கொள்கிறது, அதையும் அடைத்துவிட்டால் எப்படி? அதனால் உச்சகோடையில் காலை எட்டு மணிக்கு மூடுகிறேன், சாயங்காலம் திறந்தால் விடிகிறவரை திறந்தே கிடக்கும். பாலைவனத்து இரவுதான் ஓரளவு குளிருமே. குளிர்காலத்தில் நேர்மாறு, பகலில் திறந்து, இரவில் மூடி. கோடையில் வாளிக் கோடு இப்போது நாலு மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறது, தண்ணீரும் இறங்கக்கூடிய பதத்தில் இருக்கிறது. இந்த முறையை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை, அவர்கள் எழுதித் தந்திருக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று: இந்த ஷீட் பாதுகாப்பு மூடி அல்ல, தரை மாதிரித் தெரியும், காலை வைத்தால் உள்ளே போய்விடும். வேலி தனியாக வேண்டும்.

காரேஜுக்கு உள்ளே வருவோம். கதவு நல்ல தேர்வு, இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை அடைத்தது. அதே தடிமனில் தெர்மகோலைவிட இது வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் விளம்பரத்தில் போடுகிற எண் பலகையின் நடுப்பகுதிக்கு மட்டும்தான், மடிப்புகளும் ஓரங்களும் அந்தக் கணக்கில் வராது. மணற்காற்று அடித்த மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, அடிப்பக்க ரப்பர் தரையைத் தொடாத இரண்டு அடி நீளத்துக்கு மட்டும் உள்ளே மணல், பென்சிலால் கோடு போட்டதுபோல். மணல் வருகிற வழியில் அனலும் வரும். ரப்பரை மாற்றியதில் பிரச்சினை தீர்ந்தது.

கூரைக்கு அடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்ப பளபளப்பான அலுமினியத் தாள். இதற்குப் பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும். கான்ட்ராக்டர் அதை இரண்டு பலகைகளுக்கு நடுவே அமுக்கி ஒட்டிவிட்டார், அப்படி ஒட்டினால் அது வெறும் உலோகம், சூட்டைக் கடத்தத்தான் செய்யும். நல்லவேளை, மேற்பார்வைக்கு வந்த பொறியாளர் கண்ணில் பட்டது, பிரிக்கச் சொன்னார். அந்த ஒரு வருகைக்கே அவர்கள் வாங்கிய கட்டணம் சரியாகப் போயிற்று என்பேன்.

ஏசியும் பட்டியலில் இருந்தது, நான் எடுத்துவிட்டேன். நான் அங்கே உட்கார்ந்து வேலை செய்வது ராத்திரியில்தான். கீழே ஒரு ஜன்னல், மேலே ஒரு வெளியேற்று விசிறி, வெளியே குளிர்ந்த பிறகு தானாக ஓடும்படி டைமர். போதும். கட்டாயம் ஏசி வேண்டுமென்பவர்கள் டி3 (T3) என்று குறிப்பிட்ட வகையை வாங்குங்கள், அதன் திறனை 46 பாகை செல்சியஸில் சோதிப்பார்கள். சாதாரண டி1 (T1) வகைக்கு 35 பாகையில்தான் சோதனை. இங்கே அந்த 35 காலைச் சிற்றுண்டி நேரத்துக்கே வந்துவிடும்.

எல்லாரும் செய்கிற தவறை நானும் செய்தேன், பழைய ஃபிரிட்ஜைக் காரேஜில் கொண்டுபோய் வைத்தேன். மூச்சே விடாமல் ஓடியது. அதன் உள்ளே ஓரமாக ஒட்டியிருந்த சீட்டில் 'என்' (N) என்ற எழுத்து இருந்தது, அதாவது சுற்றுப்புறம் 32 பாகை வரைக்கும்தான் பொறுப்பு. 'எஸ்டி' (ST) என்றால் 38, 'டி' (T) என்றால் 43. மூடிய காரேஜில் கோடை மதியம் இந்த மூன்றுமே திணறலாம். ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் திரும்பிவிட்டது.

கூரை மேல் சோலார் பேனல். இதில் அவர்கள் நேர்மையாக இருந்தார்கள். பேனல் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தியை இழக்கும் என்பதால், வெயில் அதிகம் என்பதற்காக அதிகமாக எதிர்பார்க்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னார்கள். 65 பாகைக்குச் சூடேறினால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். தூசி தனி. ஆனாலும் பம்ப் பகலில் குறைந்த வேகத்தில் ஓடுவதால் அதற்கான கரண்ட் முழுக்க மேலேயிருந்தே வருகிறது, பேனலின் நிழல் கூரைக்குக் குடை மாதிரியும் ஆகிவிட்டது.

இவர்களிடம் மறுபடி போவேனா என்றால், போவேன், அந்தப் பொறியாளர் இருக்கிறவரை. ஆனால் சாமான் பட்டியலை நம்பி அப்படியே வாங்க மாட்டேன், கான்ட்ராக்டரையும் நானே பார்த்துக்கொள்வேன். போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்று வந்து படம் எடுத்துப் போனார்கள். உருளையை இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு தொட்டி இருக்குமே என்று கேட்டார் கூட வந்த பையன். அதன் செங்கல் காரேஜுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.