கனாசாவா லூப் பஸ்: போகும்போது வலம், திரும்பும்போது இடம்

ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ இருக்கும் மலையகத்துப் பிள்ளைகள் ஒருநாள் விடுமுறையில் பார்க்கத் தோதான பழைய நகரம் கனாசாவா. மாயேதா பிரபுக்கள் ஆண்ட கோட்டை நகரம் அது. டோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணித்தியாலம். ஒசாகா பக்கமிருந்து வருபவர்கள் 2024 மார்ச்சிலிருந்து சுருகாவில் ரயில் மாறவேண்டும்.

முக்கிய இடங்களைச் சுற்றிவரும் லூப் பஸ் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில், 7ஆம் இலக்கத் தரிப்பிடத்தில் புறப்படுகிறது. 15 நிமிடத்துக்கு ஒன்று. காலை எட்டரை அளவில் தொடங்கி மாலை ஆறு மணியளவில் ஓய்ந்துவிடும். வலச்சுற்று, இடச்சுற்று என இரண்டு உண்டு. பலரும் சறுக்குவது இங்கேதான். கென்ரோகுஎன் தோட்டத்துக்கு வலச்சுற்றில் போய், அங்கிருந்து பழைய தேநீர் விடுதிகள் நிறைந்த ஹிகாஷி சாயா தெருவுக்கும் வலச்சுற்றிலேயே ஏறினால், ஊரின் தென்பக்கம் முழுக்கச் சுற்றி ரயில் நிலையம் வந்து பிறகுதான் போய்ச் சேர்வீர்கள். அதே இடத்தில் இடச்சுற்று பிடித்தால் சில நிமிடத்தில் ஹாஷிபாச்சோ தரிப்பிடம். இறங்கினால் தெரு பக்கத்தில்.

நம்மூர் பஸ்ஸில்போல கொண்டக்டர் வந்து மிச்சக்காசு தரமாட்டார். பின் கதவால் ஏறி, இறங்கும்போது முன்னால் சாரதிக்குப் பக்கத்துப் பெட்டியில் காசு போடவேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். பெரிய நோட்டை நீட்டினால் வரிசையே நிற்கும். பஸ் ஏதாவதொரு தரிப்பில் நின்றிருக்கும்போதே, பஸ்ஸுக்குள்ளிருக்கும் மாற்று இயந்திரத்தில் 1000 யென் நோட்டைச் சில்லறையாக்கிக்கொள்ளுங்கள். நான்கு தடவைக்கு மேல் ஏறுவதாக இருந்தால் நாள் சீட்டு லாபம். அது லூப் பஸ்ஸுக்கு மட்டுமல்ல, நகர மையத்து ஒரே கட்டண எல்லைக்குள் ஓடும் சாதாரண பஸ்களுக்கும் செல்லும்.

முதலில் கென்ரோகுஎன். பதினொரு ஹெக்டேருக்கு மேல் விரிந்த தோட்டம். மலையிலிருந்து வழிந்துவரும் பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்த நமக்கு அங்குள்ள நீரூற்றைப் பார்த்தால் சட்டென்று விளங்கும்: மோட்டார் கிடையாது, மேலேயுள்ள குளத்தின் உயரமே தண்ணீரைப் பீறிடவைக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் தரும் தட்சுமி கால்வாய் 1632இல் வெட்டப்பட்டது. கோட்டைக்குள் தண்ணீரை ஏற்றியதும் இதே உயர வித்தியாசந்தான். நவம்பர் முதலாம் திகதியிலிருந்து, பனிப்பாரத்தில் கிளை முறியாதிருக்கப் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டுவார்கள். அந்தக் காலத்தில் போக முடிந்தால் தவறவிடவேண்டாம்.

கோட்டையின் இஷிகாவா வாசல் எதிரே, பாலத்துக்கு அப்பால். 21ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகம் அதிலிருந்து ஐந்து நிமிட நடை. திங்கட்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். இவை மூன்றுக்கும் பஸ் வேண்டாம்.

பஸ்ஸின் குறை நெரிசல். வார இறுதியில் பத்து மணிக்குப் பிறகு நின்றுதான் போகவேண்டும். பெரிய பெட்டியோடு ஏறினால் மற்றவர்களுக்குத் தொல்லை. நிலையத்து லொக்கரில் வைத்துவிட்டு முதல் பஸ்ஸிலேயே கிளம்புங்கள். பனி கொட்டும் நாளில் அட்டவணையை நம்பவேண்டாம். சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது அந்த ஊர்ப் பழமொழி. நுவரெலியாக்காரருக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

ஹிகாஷி சாயாவில் தங்கத்தாள் கடைகளைப் பாருங்கள், ஜப்பானின் தங்கத்தாள் ஏறக்குறைய முழுவதும் இந்த நகரில்தான் அடிக்கப்படுகிறது. பிறகு ஓமிச்சோ சந்தை. மீன் கடைகள் மாலையில் சீக்கிரம் சாத்துவதால் இரண்டு மணிக்குள் போய்விடுங்கள். அங்கிருந்து நிலையம் பதினைந்து நிமிட நடைதான். பஸ் நிறைந்து வந்தால் காத்திருக்கவேண்டியதில்லை.