ஃப்ரீலான்ஸரா, கன்சல்டன்ட்டா, கான்ட்ராக்டரா: எதைப் போட்டுக்கொள்வது?

எந்த நிறுவனத்திலும் ஊழியராகச் சேராமல் தனியாக வேலை செய்கிறவர் தன் விசிட்டிங் கார்டில் என்ன பெயர் போட்டுக்கொள்வது? ஒரே ஆள், ஒரே வேலைதான். ஃப்ரீலான்ஸர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் க்ளையன்ட் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும், எப்போ முடியும்?" கன்சல்டன்ட் என்றால், "எங்க வெப்சைட்டைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" கான்ட்ராக்டர் என்றால், "எத்தனை மாசம் இருப்பீங்க?" முதல் கேள்வி எதுவோ, பேரமும் அந்த வழியில்தான் போகும். அந்த அளவுக்குப் பெயர் முக்கியம்தான். பெயரை மாற்றினாலே கட்டணம் இரட்டிப்பாகிவிடும் என்று சொல்லித் திரிகிறவர்களை மட்டும் நம்ப வேண்டாம்.

அதிகம் குழப்புவது முதல் இரண்டும்தான். ஃப்ரீலான்ஸர் விற்பது முடித்துக் கொடுத்த வேலையை: கட்டுரை, லோகோ, மொழிபெயர்ப்பு, கோட். என்ன வேண்டும் என்று க்ளையன்ட் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார். செய்து தர ஆள் தேடுகிறார். கன்சல்டன்ட்டைத் தேடி வருகிறவர் இன்னும் முடிவுக்கு வராதவர். "இந்த ஆப் உங்களுக்குத் தேவையே இல்லை" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்கே இன்வாய்ஸ் அனுப்ப முடிகிறதா? நீங்கள் கன்சல்டன்ட். சொன்ன மறுநிமிடம் உங்கள் வருமானமும் போய்விடும் என்றால், கார்டில் என்ன அச்சடித்திருந்தாலும் ஃப்ரீலான்ஸர்தான். வேலை தேடும் இடைவெளியை மறைக்கக் கன்சல்டன்ட் என்று போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம். ஆள் எடுப்பவர்களுக்கு அது தெரியாமல் இல்லை.

ஃப்ரீலான்ஸர் என்ற பெயருக்கு மலிவு வாடை ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் ஃப்ரீலான்ஸர்களை அமர்த்த உதவும் ஃபைவர் தளம் 2010-ல் தொடங்கியபோது எந்த வேலையானாலும் ஐந்து டாலர் என்பதே அதன் கணக்கு. ஏலம் கேட்பது போல ஒருவரை ஒருவர் விலையில் வெட்டிக்கொள்ளும் தளங்கள் பெருகப் பெருக, க்ளையன்ட் மனதில் அந்தச் சொல்லுக்கு ஒரு விலை பதிந்துபோனது. ஆனாலும் பத்திரிகை, புகைப்படம், மொழிபெயர்ப்பு, படத்தொகுப்பு போன்ற துறைகளில் அதுதான் தொழிலின் சொந்தப் பெயர். ஒரு பத்திரிகை ஆசிரியர் நிருபரைத் தேடும்போது கன்சல்டன்ட் என்று தேட மாட்டார். அங்கே போய் அந்தப் பட்டத்தை மாட்டிக்கொண்டால் வேலைக்கு ஆகாத ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. பலர் கழற்றி எறியத் துடிக்கும் ஃப்ரீலான்ஸர் என்ற பெயரைத்தான் சட்டங்கள் சூட்டிக்கொண்டிருக்கின்றன. நியூயார்க் நகரில் 2017-ல் நடைமுறைக்கு வந்த ஃப்ரீலான்ஸர் பாதுகாப்புச் சட்டம், 800 டாலருக்குக் குறையாத வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்றது. ஒப்பந்தத்தில் தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். ஜப்பானில் 2024 நவம்பரில் இதே போன்ற சட்டம் வந்தது. அங்கே கெடு 60 நாள்.

கான்ட்ராக்டர் விற்பது நேரத்தை. க்ளையன்டின் டீமில் உட்கார்ந்து, அவர்கள் மின்னஞ்சல் முகவரியில், அவர்களின் தினசரி மீட்டிங்கில் கலந்துகொண்டு, நாள் கணக்கில் பில் போடுவார். கையில் வரும் பணம் சீராக இருக்கும். தமிழில் கான்ட்ராக்டர் என்றால் பாலம் கட்டுகிறவர்தான் கண்ணில் வருவார் என்பதால், வீட்டில் விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள். ஊழியர் என்ற நிலைக்கு மிக அருகில் நிற்பவரும் இவரே. சட்டம் துருவிப் பார்க்கும் இடமும் அதுதான். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல் அமலான ஏபி5 சட்டம், ஒருவரைத் தனித்து இயங்குபவர் என்று ஏற்க மூன்று நிபந்தனை வைத்தது: வேலை கொடுப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது, செய்யும் வேலை அந்த நிறுவனத்தின் வழக்கமான தொழிலாக இருக்கக் கூடாது, அதே தொழிலைத் தனக்கெனத் தனியாக நடத்துபவராக இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நடைமுறையில் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்றே பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் விடுப்பும் உண்டு என்று தீர்த்தது. ஜெர்மனியில் கதை வேறு. மொழிபெயர்ப்பாளர், பத்திரிகையாளர், பொறியாளர் போன்ற 'ஃப்ரைபெருஃப்லர்' (சுயேச்சைத் தொழிலர்) வகையினருக்குத் தொழில்வரி கிடையாது. மற்ற தனிநபர் தொழில்களுக்கு உண்டு. எந்த வகை என்பதை உங்கள் கார்டைப் பார்த்து வரி அலுவலகம் முடிவுசெய்வதில்லை, செய்யும் வேலையைப் பார்த்துத்தான்.

கிக் வொர்க்கர் என்று தன்னைத் தானே யாரும் அழைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. அது அடுத்தவர் வைக்கும் பெயர். இந்தியாவின் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதற்கு ஒரு வரையறை தந்திருக்கிறது: முதலாளி-தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர். அந்த வரையறைக்குள் டெலிவரி செய்பவர் மட்டுமா வருவார்? நாமும்தான்.

சோலோபிரனர் என்பது க்ளையன்டே இல்லாமல் டெம்ப்ளேட், பாடவகுப்பு, ஆப் என்று பொருளை விற்கும் தனி ஆளுக்குப் பொருந்தும். இன்வாய்ஸ் அனுப்பிப் பிழைப்பவர் அதைப் போட்டுக்கொண்டால், நம் வேலையைவிடத் தன் கடையைத்தான் இவர் பார்ப்பார் என்ற சந்தேகம் க்ளையன்டுக்கு வரும். ஃபவுண்டர் அண்ட் சிஇஓ பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஒரே ஆள் இருக்கும் நிறுவனத்தில் அந்த சிஇஓ யாரோடு மீட்டிங் போடுவார்?

கொஞ்சம் யோசிக்க வேண்டியது ஏஜென்சியைத்தான், அதாவது தனி ஆள் "நாங்கள்" என்று எழுதுவதை. பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகள் பல தனிநபரை வெண்டராகப் பதிவுசெய்யத் தயங்கும். அதற்காக ஒரு நிறுவனப் பெயரில் இயங்குவதில் தப்பே இல்லை. "எங்கள் டீம்" என்று எழுதுவதுதான் வம்பு. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வேறொருவர் வேலையை முடித்துக் கொடுப்பார் என்று அதற்கு அர்த்தம். அப்படி ஒருவர் இல்லையென்றால் அது பொய் வாக்கு.

என்னைக் கேட்டால், கார்டின் முதல் வரியில் தொழிலும் துறையும் வரட்டும்: சட்ட ஆவண மொழிபெயர்ப்பாளர், மருத்துவமனை மென்பொருள் வடிவமைப்பாளர். ஃப்ரீலான்ஸர் என்பது இரண்டாம் வரிக்குப் போதும். கன்சல்டன்ட் வேலையும் கூடவே செய்கிறீர்கள் என்றால் அதை இன்வாய்ஸில் காட்டுங்கள்: ஆய்வும் ஆலோசனையும் தனி வரியில், தனித் தொகையாக, செய்து கொடுப்பது அடுத்த வரியில். ஆலோசனையைச் செய்கூலிக்குள் புதைத்துவிட்டுத் தன்னைக் கன்சல்டன்ட்டாக யாரும் மதிப்பதில்லை என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். அந்த ஆலோசனைக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, செய்யும் வேலையை வேறொருவருக்குக் க்ளையன்ட் கொடுக்கத் தொடங்கும்போது கார்டை மாற்றிக்கொள்ளலாம்.