மஸ்டா எம்எக்ஸ்-5க்கு கூலண்ட் ரீரூட் கிட்: யாருக்குத் தேவை, யாருக்கு வீண் செலவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி சூடேறுகிறது, இந்தக் கிட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் இறங்கிவிடும் என்று நம்பி வாங்கப் போகிறவர்கள் வாங்காதீர்கள். இது சூட்டைக் குறைக்கிற சாமான் இல்லை. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் (கூலண்ட்) வழியை மாற்றி, என்ஜினின் பின்பக்கத்தில் சூடு தேங்காமல் பார்த்துக்கொள்கிற சாமான். இந்த வித்தியாசம் புரியாமல் வாங்கிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று புலம்புகிறவர்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் வண்டி 2000ஆம் ஆண்டு என்பி, அதாவது இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5. 1.8 என்ஜின், ஐந்து கியர். சின்ன டர்போ, 0.6 பார் பூஸ்ட், ஆர்ஓஎன்97 பெட்ரோல், தனி இசியூ (என்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர்). வார நாளில் மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போகும். கூட்டரசு நெடுஞ்சாலை ஜாமில் மற்ற எல்லா வண்டியையும் போல நின்று வேகும். லீவு கிடைத்தால் சிப்பாங் பந்தயத் தடத்தில் ட்ராக் டே, இல்லையென்றால் விடியற்காலையில் கெந்திங் மலை. வெயில் 33 டிகிரி, காற்றில் ஈரம். ரேடியேட்டருக்கு இதைவிடக் கொடுமையான ஊர் வேண்டாம்.

இந்த என்ஜினுக்கு ஏன் இப்படி ஒரு கிட்? எம்எக்ஸ்-5 1989இல் வந்தபோது மஸ்டா அதற்கென்று புது என்ஜின் செய்யவில்லை. 323 காரில் குறுக்கே படுத்திருந்த என்ஜினை எடுத்து நெடுக்காகத் திருப்பி வைத்தார்கள். பின்னால் வந்த 1.8ம் அதே 323 வம்சம்தான். அந்த 323இல் தண்ணீர் என்ஜினின் ஒரு கோடியில் பம்ப் வழியாக உள்ளே போய், நாலு சிலிண்டரையும் தாண்டி, மறுகோடியில் தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறக்கும் வால்வு) வழியாக வெளியே வரும். எம்எக்ஸ்-5இல் அந்த மறுகோடி ஃபயர்வாலை (என்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் சுவர்) ஒட்டிப் போய்விட்டது. அங்கே பெரிய ஹோஸ் போட இடமில்லை. அதனால் தெர்மோஸ்டாட்டையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பம்ப் முன்னால், வெளியேறும் வாயும் முன்னால். தண்ணீர் என்ன செய்யும்? ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர் பக்கமே சுற்றிவிட்டு வெளியே ஓடிவிடும். நாலாம் சிலிண்டருக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதிதான். 2001 முதல் வந்த விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும்) என்ஜினில், மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டின் துளைகளை மாற்றிப் பின்பக்கத்துக்குக் கூடுதலாகத் தண்ணீர் தள்ளினார்கள். ஆக, மஸ்டாவுக்கே விஷயம் தெரியும்.

ஸ்டாக் வண்டிக்கு, அதாவது கம்பெனி கொடுத்தபடியே இருக்கும் வண்டிக்கு, இதனால் பெரிய நஷ்டம் கிடையாது. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் ஓடியிருக்கின்றன, ஓடிக்கொண்டும் இருக்கின்றன. டர்போ போட்டுக் குதிரைசக்தியை ஏற்றும்போதுதான் நாலாம் சிலிண்டர் முதலில் நாக் செய்யும் (பெட்ரோல் நேரம் தப்பித் தானே வெடிக்கும்), ஹெட் கேஸ்கெட்டும் அந்தப் பக்கமே முதலில் போகும்.

இங்கே நம்ம ஊருக்கென்று ஒரு கூத்து இருக்கிறது. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் வெளியேற மஸ்டா விட்ட ஒரே வழி ஹீட்டருக்குப் போகும் சின்னக் குழாய். என் வண்டியில் அதையும் அடைத்து வைத்திருந்தார்கள். காப்பார் ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே, "நம்மூர்ல எதுக்கு ஹீட்டர் தங்கச்சி? லீக் ஆனா எல்லாரும் அடைச்சுத்தான் விடுவாங்க. நானே எத்தனையோ வண்டிக்கு அடைச்சிருக்கேன்," என்றார். மற்ற வண்டிக்குச் சரி. இந்த என்ஜினில் அதை அடைத்தால் பின்பக்கம் முட்டுச்சந்துதான். உங்களிடம் என்ஏ (முதல் தலைமுறை) அல்லது என்பி இருந்தால், இதைப் படித்து முடித்ததும் பானெட்டைத் திறந்து அந்த இரண்டு குழாயும் ஃபயர்வாலுக்குள் போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் கிட் வாங்குவதற்கு முன்னால் அதைத் திறந்துவிடுங்கள். ஹீட்டர் கோர் ஒழுகினால் இரண்டு குழாயையும் ஒரு வளைந்த ஹோஸால் ஒன்றோடொன்று இணைத்தாலும் போதும், தண்ணீர் ஓடும். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

டாஷ்போர்டு முள்ளை நம்பிச் சோதிக்காதீர்கள். என்பியின் முள் நடுவில் வந்து உட்கார்ந்தால் அசையாது. உள்ளே எத்தனையோ டிகிரி ஏறி இறங்கினாலும் அப்படியே நிற்கும், நகர ஆரம்பிக்கும்போது காரியம் கெட்டிருக்கும். ஓட்டுகிறவர் பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடிவரக் கூடாது என்பதற்காகக் கம்பெனி வைத்த ஏற்பாடு அது. நான் இரண்டு இடத்தில் பார்க்கிறேன். இசியூவின் சென்சார் ஹெட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்க மேல் ஹோஸில் ஓர் அடாப்டர் போட்டுத் தனி கேஜ் வைத்திருக்கிறேன். சிப்பாங்கில் வேகமாகச் சுற்றும்போது, ஹீட்டர் அடைபட்டிருந்த காலத்தில் முன்னால் 97, பின்னால் 114. ஹீட்டர் வழியைத் திறந்ததும் பின்னால் 109. கடைசியில் கிடைத்த மொத்த 13 டிகிரி பலனில் ஐந்து டிகிரி இப்படிக் கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைத்துவிட்டது. மீதிக்குத்தான் தெர்மோஸ்டாட்டையும் வெளியேறும் வாயையும் பின்பக்கத்துக்கே கொண்டுபோகும் இந்தக் கிட்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. ஷிப்பிங்கோடு 1,500 வெள்ளிக்குள் (ரிங்கிட்). விற்றவர் பெயரைப் போடவில்லை. நாலைந்து பேர் இதே அமைப்பில்தான் செய்து விற்கிறார்கள், வேறுபாடு ஹோஸிலும் கூட வரும் சில்லறைச் சாமானிலும்தான். பெட்டியில் இருந்தது இவ்வளவு: ஹெட்டின் பின்பக்கத்தில் போல்ட் பண்ணும் அலுமினியத் துண்டு, அதில் தெர்மோஸ்டாட் உட்காரும் பள்ளம், இசியூ சென்சாருக்கும் ஹீட்டர் குழாய்க்கும் மரையுள்ள துளைகள், முன்பக்க வாயை மூட ஒரு தகடு, பின்னாலிருந்து ரேடியேட்டர் வரைக்கும் நீண்ட ஹோஸ். அலுமினியத் துண்டைக் குறை சொல்ல முடியாது. கேஸ்கெட் உட்காரும் முகத்தை விரலால் தடவினால் ஒரு கீறல் கிடையாது, மரைகளும் சுத்தம். கூட வந்த கிளாம்ப்தான் கேவலம். திருகும்போதே பட்டையின் பல் வழுக்கியது. உள்ளூர்க் கடையில் நல்லதாக நாலு வாங்கிப் போட்டேன். விளக்கத்தாள் என்று வந்தது ஒரே பக்கம், படமெல்லாம் கறுப்பாக. எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்கும் அளவு) என்று ஒரு வரி கிடையாது. இந்த விலைக்கு அதைக்கூட எழுத முடியாதா?

பொருத்துவதைப் பற்றி விற்பவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். ஹெட்டின் பின்பக்கத்துக்கும் ஃபயர்வாலுக்கும் இடையில் ஒரு கை நுழையும், கையில் ஸ்பானர் இருந்தால் நுழையாது. காயில் பேக்கைக் கழற்றி வைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். பழைய மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் கீழே இருப்பதைக் கண்ணால் பார்க்கவே முடியாது, விரல் நுனியால் தேட வேண்டும். இருபது வருஷத்துப் பழைய கேஸ்கெட் கல் மாதிரி ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டும்போது தூள் ஹெட்டுக்குள் விழாமல் துணி அடைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் ஃபென்டர் மேல் படுத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் உள்ளே விட்டுச் செய்தார், மறு கையில் தேநீர். என்ஏ வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம், அதில் கேம் ஆங்கிள் சென்சாரும் அதே இடத்தில் தொங்குகிறது. என்ஜினை எப்படியும் இறக்கப் போகிறீர்கள் என்றால் அப்போதே செய்துவிடுங்கள். இதற்காக மட்டும் வொர்க்‌ஷாப்புக்குப் போனால் கூலி கிட் விலையில் பாதியைத் தொடும்.

இன்னொன்று. தெர்மோஸ்டாட் பின்னால் போன பிறகு, என்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணீர் சுற்றி வருவது ஹீட்டர் வழியாகத்தான். அதனால் ஹீட்டரை அடைத்துவிட்டு இந்தக் கிட்டைப் போடக் கூடாது. தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியாமல் தாமதமாகத் திறக்கும், திறந்ததும் குளிர்ந்த தண்ணீர் மொத்தமாக உள்ளே பாயும், என்ஜினின் சூடு ஊஞ்சலாடும்.

பலன்? அதே சிப்பாங், அதே பூஸ்ட், அதே மத்தியான வெயில். பின்னால் 109 காட்டிய இடத்தில் இப்போது 101. மேல் ஹோஸில் 97 இருந்தது 100 ஆகிவிட்டது. இதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ரேடியேட்டருக்கு இதுவரை வராத பின்பக்கத்துச் சூடு இப்போது வருகிறது, அவ்வளவுதான். என்ஜின் உண்டாக்கும் மொத்தச் சூடு அப்படியேதான் இருக்கிறது. எனக்கு முக்கியம் நாக் சென்சார் பதிவு. நீண்ட நேர்பாதையின் கடைசியில், நாலாவது கியரில், நாக் வராமல் இருக்க இசியூ இக்னிஷனைப் பின்வாங்குவது (ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவது) வழக்கமாக இருந்தது. இப்போது அது அபூர்வம். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு எனக்கு அது போதும்.

கெந்திங்கில் பெரிய மாற்றம் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. அங்கே பிரச்சினை வேறு: இரண்டாவது கியரில், முழு பூஸ்ட்டில், முப்பது நாற்பது வேகத்தில் ஏறுகிறோம். சூடு ட்ராக் அளவுக்கு, காற்று ஜாம் அளவுக்கு. அங்கே காப்பாற்றுவது ஃபேனும் அதைச் சுற்றியிருக்கும் கூடான ஷ்ரவுடும்தான். மேலே சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஒரு பார் அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால்தான் பிழைக்கிறோம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மலைக்குப் போகாதீர்கள்.

ஆகவே செலவின் வரிசை முக்கியம். ஸ்டாக் ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி பச்சை கலந்த பழுப்பாகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், என்றைக்கு வேண்டுமானாலும் பிளக்கும். நான் கோயோராட் அலுமினியம் போட்டிருக்கிறேன், குறையில்லை. அடுத்தது என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. ஆயில் மாற்றும்போது கழற்றி, போல்ட் தொலைந்து, அப்படியே தூக்கிப் போட்ட தட்டு. அது இல்லையென்றால் மூக்கின் வழியாக வரும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் அடியில் நழுவிவிடும். ரேடியேட்டரைச் சுற்றி விரல் போகும் இடைவெளி எங்கே இருந்தாலும் ஃபோம் வைத்து அடையுங்கள். காற்று சுலபமான வழியைத்தான் தேடும். இந்த இரண்டு வேலையும் சேர்ந்து எனக்கு எந்தக் கிட்டையும்விட அதிக டிகிரியைக் குறைத்தன. செலவு ஐம்பது வெள்ளியைத் தாண்டவில்லை. குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் விற்பவர்களிடம் மயங்காதீர்கள். அது சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். முழுதாகத் திறந்த பிறகு எல்லாத் தெர்மோஸ்டாட்டும் ஒன்றுதான்.

கூலண்ட் விஷயத்தில் பாதிக்குப் பாதி கலப்பது குளிர் நாட்டுக் கணக்கு. இங்கே தண்ணீர் உறையப் போவதில்லை. சூட்டைச் சுமப்பதில், கூலண்டில் இருக்கும் கிளைகாலைவிடத் தண்ணீர் கெட்டி. மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டருக்கு ஒரு பங்கு கூலண்ட் வைக்கிறேன். அதற்குக் கீழே போனால் துருத் தடுப்பு மருந்து பத்தாது, அலுமினியம் அரிக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

டர்போவோ சூப்பர்சார்ஜரோ போட்டு ட்ராக்குக்குப் போகிறவர்கள், மேலே சொன்னதையெல்லாம் முடித்துவிட்டு, இந்தக் கிட்டை வாங்கலாம். 2001க்கு முந்தின என்ஜின் என்றால் கட்டாயம் வாங்குங்கள். ஸ்டாக் என்ஜினில் கூரையை இறக்கிவிட்டு மொரிப் வரைக்கும் கடற்காற்று வாங்கப் போகிறவர்கள் அந்தக் காசுக்கு நல்ல டயர் பாருங்கள். வாங்கினால் கிளாம்பும் பின்பக்க கேஸ்கெட்டும் ஒன்று உபரியாகச் சேர்த்து வாங்குங்கள். பொருத்திய பிறகு வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். இரண்டு மூன்று தடவை சூடாகி ஆறிய பின் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கீழ் போல்ட்டை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் கால் சுற்று உள்ளே போனது.