கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ்: நாம போடாத பிராக்கெட்ட அதுவே போட்டுக் காட்டும்

திருப்பிக் குடுக்கணும்னு பில்லோட தக்கலைல இருந்து நாகர்கோவில் வர போயிட்டு, குடுக்காம வீட்டுக்கே கொண்டு வந்த கால்குலேட்டர் இது. அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுகேன்.

எனக்க மவன் பாலிடெக்னிக்ல இசிஇ ரெண்டாம் வருஷம். இந்த மாடல் தான் வேணும்னு ஒரே நிப்பு, ஆயிரத்து சொச்சம் குடுத்து வாங்கியாச்சு. மூணாம் நாளு சாயா குடிக்க வந்த அவனுக்க சித்தப்பா 8÷2(2+2) எவ்வளவுலேன்னு கேட்டாரு, 2019ல நெட்டு பூரா ஆளாளுக்கு அடிச்சுக்கிட்ட அதே கணக்கு தான். கேசியோ 1ன்னு சொல்லிச்சு, அவருக்க போனு 16ன்னு சொல்லிச்சு. "லேய் மக்கா, ஒனக்க மிஷினுக்கு போட்மாஸ் தெரியல்லியேடே, கொண்டு போய் மாத்து"ன்னு (எத மொதல்ல செய்யணும்னு பள்ளிக்கூடத்துல படிச்ச வரிசை தான் போட்மாஸ்) அவரு, "சித்தப்பா, நீங்க சொன்னத தான் தட்டுனேன், பாருங்க"ன்னு இவன், சாயா ஆறுனது தான் மிச்சம்.

மாத்தலாம்னு நாகர்கோவில் கடைக்கு போனா, அங்க இருந்த பையன் மொதல்ல கல்லாப்பெட்டி பக்கத்துல கெடந்த பெரிய பட்டன் கால்குலேட்டர எடுத்தான், அதுல பிராக்கெட்டே கெடையாது. அந்த வகைல 2+3×4 போட்டா 20 தான் வரும், 14 வராது, ஏன்னா அமுக்க அமுக்க கணக்கு போட்டுக்கிட்டே போவும். கடைக்காரங்க ஒவ்வொரு சாமானையும் தனியா பெருக்கி, விடைய மெமரில கூட்டி வைக்க எம் பிளஸ் பட்டன அமுக்கி கடைசில மொத்தம் எடுக்கது அதுக்கு தான். அப்புறம் அவன் புது பீஸ் ஒண்ணு பிரிச்சு அதே கணக்க போட்டான், அதுலயும் 1. அப்போ தான் நான் டிஸ்ப்ளேய கிட்ட வச்சு பாத்தேன். ஈக்குவல் அமுக்குன ஒடனே மேல் வரி 8÷(2(2+2))னு மாறி நிக்கு. அந்த வெளி பிராக்கெட்ட நாங்க யாரும் அமுக்கல்ல.

வீட்ல வந்து மேனுவல பொரட்டுனா இது அப்படியே போட்டிருக்கு, 6÷2(1+2)ங்கது தான் அவங்க உதாரணம். பெருக்கல் குறி இல்லாம ஒட்டி எழுதுனா அத ஒரே உருப்படியா எடுத்துக்கிடும். நடுவுல குறி போட்டு 8÷2×(2+2)னு அமுக்குங்க, இதே மிஷின் 16 சொல்லும்! போட்மாஸ்ல வகுத்தலும் பெருக்கலும் ஒரே தரம், இடமிருந்து வலமா போவணும், செரி, ஆனா ஒட்டி எழுதுன பெருக்கலுக்கு மட்டும் தனி மரியாத உண்டான்னு அது சொல்லவே இல்ல. ஃபிசிக்கல் ரிவ்யூன்னு இயற்பியல் ஜர்னல் உண்டு, அவங்க விதிப்படி சாய்கோடு போட்ட வகுத்தலுக்கு முன்னாடி பெருக்கல் தான் மொதல்ல. ஐஎஸ்ஓ 80000-2 தர விதி வகுத்தலுக்கு ÷ குறியே போடாதீங்கன்னு சொல்லுகு. அப்போ சித்தப்பனும் தப்பில்ல, மவனும் தப்பில்ல, ரெண்டு விதமா வாசிக்கும்படி எழுதுனது தான் தப்பு.

இது சும்மா புதிர் சண்டைன்னு நெனச்சிராதீங்க. காயிலும் கெபாசிட்டரும் சேந்த சர்க்யூட்டுக்க அதிர்வெண் பாக்க ரெசனன்ஸ் ஃபார்முலால மேல 1, கீழ 2π√(LC), எல் காயிலுக்கு, சி கெபாசிட்டருக்கு. 10 மில்லி ஹென்றி, 1 மைக்ரோ ஃபாரட் வச்சா 1591.5 ஹெர்ட்ஸ் வரணும். மவன் 1÷2 தட்டிட்டு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல × போட்டுட்டான், வந்தது 0.000157. × குறி இல்லாம 2π√(LC)ய ஒட்டி தட்டுனா செரியா வந்துரும். ஆனா எனக்க அபிப்பிராயம் என்னன்னா அந்த பின்னம் பட்டன் இருக்கு பாருங்க, அத அமுக்குனா நோட்டுல எழுதுக மாதிரியே மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு கட்டம் வரும், அதுல போட்டுட்டா எந்த மிஷின்லயும் எவனும் ரெண்டா வாசிக்க முடியாது. அந்த ஒரு பட்டனுக்கே குடுத்த காசு தகும்.

இன்னொண்ணும் பாத்து வச்சுக்கிடுங்க, -2 ஸ்கொயர் போட்டா இது -4னு சொல்லும், எக்செல்ல அதயே =-2^2ன்னு அடிச்சா 4 வரும். லேப் ரீடிங்க ரெண்டுலயும் போடுக பிள்ளைங்க மைனஸ் வந்தா கட்டாயம் பிராக்கெட் போடுங்க.

பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கு இவ்வளவு வேண்டாம், பரீட்சைல விடவும் மாட்டாங்க. டிப்ளமோ, இன்ஜினியரிங்குன்னா தைரியமா வாங்கலாம். சோலாரும் பேட்டரியும் ரெண்டும் உண்டு, எழுத்து நல்ல தெளிவு. இப்போ எஃப்எக்ஸ்-991சிடபிள்யூன்னு புது மாடலும் கெடைக்கு, அதுல பட்டன் வரிசை மாத்தியிருக்காங்க, பழைய கை பழக்கம் உள்ளவங்க கடைலயே கொஞ்ச நேரம் தட்டிப் பாருங்க. எந்த மாடல பரீட்சை ஹாலுக்குள்ள விடுவாங்கன்னு காலேஜ்ல கேட்டுட்டு மட்டும் காசக் குடுங்க.