திட்டமிடுநர் பணிக்கு யார் பொருத்தம்: வெளியிலிருந்து வருபவரா, கிடங்கிலிருந்து உயர்பவரா?

விநியோகச் சங்கிலித் துறையில் இன்று நிரப்பக் கடினமான பணியிடங்களில் ஒன்று திட்டமிடுநருடையது. சரக்கு இருப்பு, கொள்முதல், போக்குவரத்து ஆகிய மூன்றையும் ஒருசேரக் கணித்து அன்றன்றே முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு அது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டு நின்றபோதும், 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களுக்கு அஞ்சிக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கியபோதும், வராத கன்டெய்னர்களுக்கு மாற்றுவழி தேடும் பணி இவர்கள் தலையில்தான் விழுந்தது. அதன்பின் இப்பணிக்கு ஆளெடுப்பதில் நிறுவனங்கள் காட்டும் அவசரமும் கூடியிருக்கிறது.

பட்டமும் சான்றிதழும் உடையவரை வெளியிலிருந்து எடுப்பது விரைவான வழி. தேவையை முன்கணிக்கும் புள்ளியியல் முறைகளையும் புதிய மென்பொருள்களையும் அவர் கையோடு கொண்டுவருவார். உற்பத்தி, சரக்கிருப்பு மேலாண்மைக்கென 1973 முதல் வழங்கப்பட்டுவரும் சிபிஐஎம் (CPIM) போன்ற சான்றிதழ்கள், எந்த நாட்டில் பணியாற்றியவராயினும் ஒரே கலைச்சொற்களில் பேச உதவுகின்றன. அந்தப் பயனை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கணினி நாற்பது பேலட் (சரக்கு அடுக்கிய தட்டு) இருப்பதாகக் காட்டும்போது, அவற்றில் சில சேதமடைந்து ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு எழுவதற்குச் சில மாதங்களேனும் ஆகும்.

கிடங்கில் சரக்கைப் பெற்று, அடுக்கி, எண்ணி, அனுப்பிப் பழகியவருக்கு அந்த ஐயம் முதல் நாளிலேயே எழும். எந்த வழங்குநரின் பொதி அடிக்கடி குறைவாக வருகிறது, எந்த ஷிஃப்ட்டில் பதிவுகள் தாமதமாகின்றன என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்கு விரிதாளும் முன்கணிப்பும் கற்பிக்க ஓராண்டு வரை ஆகலாம் என்பது மெய்யே. எனினும் பெரிய தடை பயிற்சியில் இல்லை. திறமையான ஆளைத் தம் பிரிவிலிருந்து விடுவிக்க மேற்பார்வையாளருக்கு மனம் வராததில்தான் இருக்கிறது. நல்ல ஆள் போனால் அன்றைய சரக்கேற்றம் தாமதமாகும், அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற நிலையில், அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. எத்தனை பேரை உயர்பணிக்கு அனுப்பினார் என்பதையும் அவருடைய மதிப்பீட்டில் சேர்த்து, மாற்று ஆளையும் முன்கூட்டியே கொடுக்கும் இடங்களில்தான் இந்த வழி நடைமுறையில் நிலைக்கும்.

விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு சலிக்கும் போக்கு, இந்தப் போட்டியில் வெளியாட்களின் பக்கமே சாய்கிறது. முன்பு தேர்வானவர்களின் தற்குறிப்புகளைப் பார்த்துப் பழகிய கருவி, அவற்றை ஒத்தவற்றையே மீண்டும் முன்னே தள்ளும். அமேசான் உருவாக்கிய அத்தகைய கருவி பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டதால் கைவிடப்பட்டது என்ற செய்தி 2018இல் வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆட்சேர்ப்புக் கருவிகளை அதிக இடர் கொண்டவையாக வகைப்படுத்துகிறது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய பத்தாண்டு அனுபவத்தைத் திட்டமிடலுக்கான தகுதியாக எண்ண எவரும் கற்பிக்காத கருவி, அந்த விண்ணப்பத்தை மனிதர் கண்ணில் படவே விடாது.

முகவர் வழி வரும் தற்காலிகப் பணியாளர்கள் பருவகால நெருக்கடிக்கு ஏற்றவர்கள். ஆண்டு முழுவதும் அவர்களைக் கொண்டே கிடங்கை நடத்தினால், உயர்த்துவதற்கு உள்ளே ஆளே இராது.

புதிய மென்பொருளை நிறுவும் காலத்தில் அதை முன்பே கையாண்ட ஒருவரை வெளியிலிருந்து எடுப்பதே சரி. மற்ற வேளைகளில் என் தேர்வு உள்ளிருப்பவரே. தயக்கம் உள்ளவர்கள் இருவரிடமும் கடந்த மாத இருப்புப் பட்டியலைக் கொடுத்து, அதில் எந்த எண்ணை நம்ப மாட்டீர்கள், ஏன் என்று கேட்டுப் பார்க்கலாம்.