பாலக்காட்டில் 'கல்ஃப்' சுருட்டு வாங்கப் போகிறீர்களா?

திருச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சிக்கோட்டுக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம் ஆகிறது. சுருட்டுப் பழக்கம் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு உறையூர்ச் சுருட்டு, அவ்வளவுதான். (வீட்டில் அந்த ஒன்றுக்கே திட்டு விழும்.) கொண்டுவந்த இரண்டு கட்டும் தீர்ந்தது. இங்கே பெட்டிக்கடைகளில் "சுருட்டு உண்டோ?" என்று கேட்டால் பீடிக்கட்டை எடுத்து நீட்டுகிறார்கள்.

கம்பெனியில் ஒருவர் சொன்னார் என்று பாலக்காடு டவுனில் ஒரு கல்ஃப் சாமான் கடைக்குப் போனேன். சென்ட், டார்ச், தைலம், அதற்கு நடுவில் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி. உள்ளே 25 கோஹிபா, கியூபாவின் பேர்போன சுருட்டு.

"அளியன் (மச்சான்) துபாயில்நின்னு கொண்டுவந்ததா சாரே. ஒரிஜினல் கியூபா" என்றார் கடைக்காரர். பெட்டிக்கு 4500 ரூபாய் சொல்லி 3200-க்கு இறங்கினார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அசல் கோஹிபா ஒன்றே ஆயிரக்கணக்கில் போகும். பில் கேட்டேன். "பில் போட்டா வில வேற" என்றார். சரி என்று வாங்கி வந்துவிட்டேன். என் புத்தி.

உறையூர்ச் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும், அப்படியே பற்றவைக்கலாம். இதற்கு ஒரு முனை மூடியிருக்கும், வெட்ட வேண்டும். பிளேடால் வெட்டியதுமே மடியில் தூளாகக் கொட்டியது. பற்றவைத்தால் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது, இன்னொரு பக்கம் கறுத்து நிற்கிறது. நாலு இழுப்பில் தொண்டை கசந்து போனது. எரிச்சலில் இன்னொன்றை நீளவாக்கில் கிழித்தேன். உள்ளே பீடித்தூள் மாதிரி நறுக்கல், நடுவில் ஈர்க்குச்சி கனத்தில் ஒரு புகையிலைக் காம்பு! கையால் சுருட்டிய அசல் கோஹிபாவில் முனையிலிருந்து முனைவரை முழு இலையாகச் சுருட்டியிருப்பார்கள்.

துபாயில் பல வருஷம் இருந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் பெட்டியைக் காட்டினேன். தொடக்கூட இல்லை, சிரித்துவிட்டார். "கண்ணாடி மூடியா தம்பி? கியூபாக்காரன் அப்படிப் பெட்டி போடுறதே இல்லை." அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். அசல் பெட்டியில் கியூபா அரசின் பச்சை முத்திரைத் தாள் ஒட்டியிருக்குமாம், எண்ணும் பார்கோடும் போட்டு. இதில் அது இல்லை. சுருட்டின் கழுத்துப் பட்டையில் கறுப்பு மேல் வெள்ளைக் கட்டங்கள் ஒன்றில் மூன்று வரிசை, பக்கத்தில் இருந்ததில் இரண்டரை. நம் நாட்டில் முறையாக இறக்குமதியான பெட்டி என்றால் 85 சதவீத இடத்தில் படத்தோடு எச்சரிக்கை இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனால், "தொறந்த பெட்டி திரிச்செடுக்கில்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு சென்ட் அடித்துக் காட்டப் போய்விட்டார். பில் இல்லாமல் யாரிடம் போய் என்ன பேசுவது?

இப்போதைக்கு மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் திருச்சி-பாலக்காடு டவுன் ரயிலில் வரும்போது உறையூரிலிருந்து இரண்டு கட்டு வாங்கி வருவான். இங்கே மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், அதனால் அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று அந்தக் கடைப் பக்கமாகப் போனேன். ஷெல்ஃபில் அதே இடத்தில் இன்னொரு கண்ணாடிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.