டெபியன் கன்சோல்-செட்டப்: கீபோர்டுக்கு ஓகே, தமிழுக்கு?

கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடாவிலிருந்து வந்திறங்கும் பழைய லேப்டாப்புக்குப் பஞ்சமே இல்லை. மண்டபத்தில் எங்கள் ஐஸ் கம்பெனி கணக்குக்கு அப்படி ஒன்றை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தோடு வாங்கினோம், மவுஸ் வேலையே இல்லாத வெறும் கறுப்புத் திரை, அதைத்தான் கன்சோல் என்பார்கள். அதோடு வரும் கீபோர்டு-கான்பிகரேஷன் (விசை அமைப்புக்கு), கன்சோல்-செட்டப் (திரை எழுத்துக்கு) என்ற இரண்டு மென்பொருள்களையும் பற்றித்தான் இந்த விமர்சனம்.

கீபோர்டு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போட்டுக் கொடுத்தவர் பிரிட்டிஷ் லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார், மெஷினில் இருப்பதோ அமெரிக்க விசைகள், அதனால் 2-க்கு மேலே @ என்று அச்சடித்திருந்தாலும் ஷிஃப்டோடு அழுத்தினால் விழுவது இரட்டை மேற்கோள். பாஸ்வேர்டில் @ இருந்தால் உள்ளேயே விடாது, என்ன விழுகிறது என்று திரையிலும் தெரியாது. யூசர் பெயர் கேட்கும் இடத்தில் அடித்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். @ மேற்கோள் விசைக்குப் போயிருக்கும், அதை வைத்து உள்ளே போய் லேஅவுட்டை மாற்றி செட்டப்கான் கட்டளையைக் கொடுத்தால் ரீஸ்டார்ட்கூட வேண்டாம். டெர்மினஸ் என்ற ஃபாண்டை (எழுத்துருவை)ப் பெரிய அளவில் வைத்ததும் அப்பா கண்ணாடி தேடுவதை நிறுத்திவிட்டார்.

தமிழில்தான் சிக்கல். படகுப் பெயர்களைத் தமிழில் எழுதிய கோப்பைத் திறக்கும்போது தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகள் வரிசையாக வந்தால் என்கோடிங் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) தப்பு, கன்சோல்-செட்டப்பில் தமிழும் அடங்கும் யுடிஎஃப்-8 முறைக்கு மாற்றினால் அந்தக் குப்பை போய்விடும். ஆனால் அப்புறமும் வெறும் கட்டங்கள்தான் வரும்! என்கோடிங் சரியாகிவிட்டது, எழுத்து வடிவம்தான் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

லினக்ஸ் கன்சோல் ஃபாண்டில் அதிகபட்சம் 512 வடிவங்கள். உலக மொழிகளின் எழுத்துப் பட்டியலான யூனிகோடில் தமிழுக்கான முதன்மைப் பகுதியே 128 இடம்தான், ஆக இடம் பிரச்சினையில்லை, சிக்கல் வேறு. 'கொ' என்று காட்ட ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும், கன்சோலோ ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம் என்று வந்த வரிசையிலேயே போட்டுக்கொண்டு போகும், அதற்குச் சேர்க்கவும் தெரியாது, இடம் மாற்றவும் தெரியாது. ஆகவே தமிழ் ஃபாண்ட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். கோப்புக்கு ஒன்றும் ஆகாது, எஸ்எஸ்ஹெச் (வேறு கருவியிலிருந்து இந்த மெஷினுக்குள் நுழையும் வசதி) வழியாக போனில் திறந்தால் எழுத்தைப் போனே வரைந்துகொள்ளும், நாங்கள் படகுப் பெயர்களை அதில்தான் சரிபார்க்கிறோம்.